வேலி முதலில், விதை அப்புறம்: மேய்ச்சல் நிலம் பற்றிய கேள்வி பதில்

மேய்ந்து மேய்ந்து கட்டாந்தரையாகிப்போன நிலத்தில் மறுபடி புல் கொண்டுவருவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த முறை பதில் தருகிறோம். இங்கே சொல்லும் அளவுகள் பாசனம் இல்லாத, மழையை நம்பிய வெப்ப நிலங்களுக்கானவை.

கேள்வி: மூன்று வருடமாகச் செம்மறி ஆடுகள் மேய்ந்த நிலம். இப்போது பாதிக்கு மேல் வெறும் மண்தான் தெரிகிறது. முழுக்க உழுது புதிதாக விதைப்பதா, அப்படியே விட்டால் தானாக வருமா?

ஏரைப் பூட்டுவதற்கு முன் நிலத்தை எண்ணிப் பாருங்கள். நல்ல மழை பெய்து இரண்டு வாரம் கழித்து, நிலத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நேராக நடங்கள். வலது காலை ஊன்றும் ஒவ்வொரு தடவையும் அதன் கட்டைவிரலுக்கு நேர் முன்னால் என்ன இருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: பல்லாண்டுப் புல்லா, களையா, வெறும் மண்ணா. கண்ணுக்கு நல்லதாகப் படும் இடமாகப் பார்த்துக் காலை வைக்கக் கூடாது. இப்படி 100 தடவை குறித்தால் அதுவே நூற்றுக்கு எவ்வளவு என்ற கணக்கு.

பல்லாண்டுப் புல் 70-க்கு மேல் இருந்தால் விதைக்குச் செலவு செய்யவே வேண்டாம். ஒரு மழைக்காலம் முழுக்க ஆடு மாடு நுழையாமல் அடைத்துவிட்டால் போதும். 40-க்கும் 70-க்கும் நடுவில் இருந்தால் இருக்கும் புல்லைக் காப்பாற்றி, வெறும் திட்டுகளில் மட்டும் விதையுங்கள். 40-க்குக் கீழே போனால்தான் நிலம் முழுவதற்கும் விதைப்பு தேவை. இது எல்லா மண்ணுக்கும் ஒரே மாதிரி பொருந்தும் சட்டமில்லை என்றாலும், தொடங்குவதற்கு நம்பத்தகுந்த கணக்கு.

காய்ந்து கருகியது போல் நிற்கும் தூரைச் செத்தது என்று கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். தூரின் அடித்தண்டைப் பிடித்து நகத்தால் கீறுங்கள். உள்ளே வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ ஈரத்தோடு இருந்தால் அது உயிரோடு இருக்கிறது. பழுப்பாகி, இழுத்தவுடன் வேரோடு கையில் வந்துவிட்டால்தான் செத்த தூர். பட்டுப்போனதாக நினைத்துப் பலரும் உழுது புரட்டும் நிலத்தில் உயிருள்ள தூர்கள் நிறைய இருக்கும். புது விதை அந்த நிலையை எட்டக் குறைந்தது ஒரு வருடம் ஆகும்.

கேள்வி: போன பருவத்தில் ஓர் ஏக்கருக்கு 3 கிலோ கொழுக்கட்டைப் புல் விதை தூவினேன். மழையும் பெய்தது. ஆனாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்தது. முளைத்ததிலும் பாதி காய்ந்துவிட்டது. விதை கெட்டதா?

நீங்கள் எடுத்த அளவு சரி. எக்டருக்கு 6 முதல் 8 கிலோ, அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 3 கிலோதான் இந்தப் புல்லுக்குப் போதுமான விதை. அதனால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் விதையின் வயது. கொழுக்கட்டைப் புல்லின் விதை அறுவடையான உடனே முளைக்காது, உறக்கத்தில் இருக்கும். ஆறு முதல் ஒன்பது மாதம் காய்ந்த இடத்தில் இருப்பு வைத்த பிறகுதான் நன்றாக முளைக்கும். புது விதையைத்தான் விதைத்தாக வேண்டும் என்றால், பொட்டாசியம் நைட்ரேட் 1 சதவீதக் கரைசலில் (ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம்) 48 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைக்கலாம்.

அடுத்து, விதைக்குள் மணி இருந்ததா என்பது. இந்தப் புல்லின் கதிரை உருவினால் கையில் வருவது சுணை சூழ்ந்த பஞ்சுக் கொத்து. அதையே விதை என்கிறோம். உண்மையான மணி அதற்குள் ஒன்றோ இரண்டோ மூன்றோ இருக்கும். ஒன்றுமே இல்லாமலும் இருக்கும். ஒரு கொத்தை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கெட்டியாக ஏதாவது உறுத்தினால் மணி இருக்கிறது. சுணை மட்டும் உதிர்ந்து கை வெறுமையாக இருந்தால் அது பதர். மூட்டையில் பத்து இடத்திலிருந்து எடுத்து 100 கொத்தை ஈரச் சாக்கில் சுருட்டி, சாக்கு காயாமல் தண்ணீர் தெளித்து, 14 நாள் வையுங்கள். 30-க்கு மேல் முளைத்தால் தாராளமாக விதைக்கலாம். 15-தான் முளைத்தது என்றால் விதையளவை இரட்டிப்பாக்க வேண்டும், அல்லது அந்த மூட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது ஆழம். இவ்வளவு சிறிய மணிக்கு ஒரு சென்டிமீட்டர் மண் போதும், இரண்டுக்கு மேல் போகவே கூடாது. விதைத்த பிறகு கலப்பை ஓட்டி மூடியிருந்தால் பெரும்பகுதி புதைந்தே போயிருக்கும். அதற்காக மேலாகத் தூவிவிட்டுச் சும்மா விட்டாலும் எறும்பு தூக்கிப்போகும், காற்று ஒதுக்கிவிடும், சுணை மண்ணைத் தொடாமல் விதையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். முள் கிளையை மாட்டிலோ டிராக்டரிலோ கட்டி மேலாக இழுத்து, பிறகு மண்ணை மிதித்தோ லேசான உருளை ஓட்டியோ அழுத்துவதுதான் சரி. விதையும் மண்ணும் ஒட்ட வேண்டும்.

தூவும்போது கொத்துகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓரிடத்தில் கட்டியாக விழும். விதையைப் போல் நான்கைந்து மடங்கு ஈர மணலோடு பிசிறிக்கொண்டால் கை வீச்சுக்குச் சமமாக விழும். மொத்தத்தையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கிழக்கு மேற்காகவும் மறு பாதியைத் தெற்கு வடக்காகவும் தூவுங்கள். எறும்புத் தொல்லை அதிகமான நிலத்தில், சலித்த களிமண்ணும் மட்கிய சாணப் பொடியும் விதையின் எடையைப் போல் மூன்று நான்கு மடங்கு சேர்த்துப் பிசைந்து, மிளகைவிடச் சற்றுப் பெரிய உருண்டைகளாக்கி நிழலில் காயவைத்து விதைக்கலாம். எலுமிச்சை அளவுக்கு உருட்டினால் உள்ளே இருக்கும் விதைகள் வெளியே வரவே முடியாது.

கடைசியாக, உங்கள் கேள்வியில் மிக முக்கியமான இடம்: முளைத்தது ஏன் காய்ந்தது? புல் முளைக்கும்போது விதையிலிருந்து ஒரே ஒரு நூல் வேர்தான் கீழே இறங்கும். அந்த வேரை நம்பி நாற்று சில வாரம்தான் தாக்குப்பிடிக்கும். நிலைத்து நிற்க வேண்டுமென்றால் தண்டின் அடியிலிருந்து, மண்ணின் மேற்பரப்புக்கு ஒட்டினாற்போல், இரண்டாம் தொகுதி வேர்கள் கிளம்ப வேண்டும். முளைத்து இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் மேல் மண் தொடர்ந்து இரண்டு மூன்று நாள் ஈரமாக இருந்தால் மட்டுமே அவை கிளம்பும். மேல் மண் காய்ந்து கிடந்தால், அடியில் ஈரம் இருந்தாலும், அந்த வேர்கள் சுண்டி நின்றுவிடும். காய்ந்த நாற்று ஒன்றை மெதுவாகத் தோண்டி எடுத்துப் பாருங்கள். தலைமயிர் போன்ற ஒற்றை வேர் மட்டும் தொங்கினால் காரணம் இதுதான். அப்படியானால் பெய்த முதல் மழை முளைக்க வைத்திருக்கிறது. அடுத்த மழை வரத் தாமதமாகியிருக்கிறது.

இதற்கு இரண்டு மருந்து. ஒன்று, முதல் தூறலுக்கு ஆசைப்பட்டு விதைக்காமல், மண் ஒரு சாண் ஆழத்துக்கு நனையும் மழை பெய்து, மழை தொடர்ந்து வரும் காலத்தின் வாசலில் விதைப்பது. இன்னொன்று, விதைத்த இடத்தின் மேல் காய்ந்த புல்லையோ இலையற்ற முள் கிளைகளையோ பரப்புவது. மண் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற அளவு மூடினால் போதும். அந்த நிழலே மேல் ஈரத்தை இரண்டு நாள் கூடுதலாகத் தாங்கும். முள் என்றால் தப்பி நுழையும் ஆட்டின் வாயும் அந்த நாற்றுக்கு எட்டாது.

கேள்வி: நிலம் கல் போல் இறுகிவிட்டது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடுகிறது. ஆழ உழலாமா?

எங்கே இறுகியிருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். மழைக்குப் பிறகு மண்வெட்டியால் ஒரு முழ ஆழத்துக்கு நேராக வெட்டி, வெட்டிய சுவரைப் பாருங்கள். ஈரமான நேரத்தில் குளம்பு பட்டுப் பட்டு இறுகிய அடுக்கு பெரும்பாலும் மேலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் பலகை மாதிரித் தெரியும். இருக்கும் புல்லின் வேர் அதுவரை நேராக வந்து, அதன் மேல் பக்கவாட்டில் திரும்பி ஓடியிருக்கும். மேலே ஏடு படிந்தது போல் மெல்லிய பொருக்கு மட்டும்தான் இருக்கிறது, கீழே மண் பொலபொலவென்று இருக்கிறது என்றால் ஆழ உழுவது வீண். பொருக்கை உடைக்க முள் கிளையோ கொக்கிக் கலப்பையோ போதும்.

பலகை அடுக்கு இருந்தால் உளிக்கலப்பை ஓட்டலாம். அதையும் மண் காய்ந்திருக்கும்போது ஓட்டுங்கள். காய்ந்த மண்தான் உளி பட்டு விரிசல் விட்டுப் பிளக்கும். ஈர மண்ணில் உளி வெண்ணெயில் கத்தி போல் வழுக்கிக்கொண்டு போய், பள்ளத்தின் சுவரை மெழுகி விட்டுவிடும். சரிவுக்குக் குறுக்காக, ஒன்று ஒன்றரை மீட்டர் இடைவெளியில் கோடு கோடாக ஓட்டுங்கள். நடுவில் இருக்கும் புல் பட்டைகளைத் தொடாதீர்கள். நிலம் முழுவதையும் புரட்டினால் உறங்கிக் கிடக்கும் களை விதைகள் எல்லாம் ஒரே மழையில் எழுந்துவிடும், மேல் மண்ணும் அடித்துக்கொண்டு போகும். ஒரு மழை பெய்து கோடுகள் தணிந்த பிறகு அவற்றின் ஓரங்களில் விதையுங்கள்.

இயந்திரம் போகாத மேட்டு நிலத்தில் குழி முறை நன்றாக வேலை செய்கிறது. ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் யாகூபா சவாதோகோ என்ற விவசாயி, கைவிடப்பட்ட கட்டாந்தரையை ‘ஸாய்’ என்னும் பழைய குழி முறையைச் செம்மைப்படுத்தி மீட்டெடுத்தார். வறண்ட காலத்திலேயே 20 முதல் 40 சென்டிமீட்டர் அகலம், 10 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி எடுத்து, அதில் எரு போடுவார்கள். எருவைத் தேடி வரும் கறையான் அடிமண்ணைத் துளைத்து வழி உண்டாக்கும். மழை வரும்போது தண்ணீர் அந்தத் துளைகள் வழியாக இறங்கும். தோண்டிய மண்ணைக் குழியின் கீழ்ப்புறம் பிறை போல் அணைத்துவிட வேண்டும். மேல்புறம் அணைத்தால் தண்ணீரை நீங்களே தடுத்ததாகிவிடும். புல்லுக்கும் இதே குழியைப் பயன்படுத்தலாம். அவற்றில் வளர்ந்த தூர்களிலிருந்து உதிரும் விதை இடைவெளிகளை நாளடைவில் நிரப்பும்.

எரு மட்கியதாக இருக்கட்டும். பச்சைச் சாணத்திலும் புழுக்கையிலும் சீமைக் கருவேல விதை உயிரோடு இருக்கும். அந்தக் காயைத் தின்ற ஆட்டின் எருவைப் போட்டால் புல்லோடு சேர்த்து முள்ளையும் விதைக்கிறீர்கள்.

கேள்வி: புல்லோடு பயறு வகைத் தீவனமும் கலந்து விதைக்கச் சொல்கிறார்கள். எது, எவ்வளவு?

மணற்பாங்கான, செம்மண் நிலத்துக்கு முயல் மசால். களிமண், கரிசல் நிலத்துக்கு வேலி மசால் அல்லது சங்குப்பூ. தண்ணீர் தேங்கும் தாழ்ந்த பகுதிக்கு இவை மூன்றுமே சரிவராது, கொழுக்கட்டைப் புல்லும் அழுகிவிடும். அங்கே நீர்ப்புல் கரணைதான் நிலைக்கும். குளிர்ந்த, ஈரமான நாடுகளில் ரைகிராஸ் என்ற புல்லும் வெள்ளைக் குளோவர் என்ற பயறுச் செடியும் கலந்து விதைப்பது இதே நோக்கத்துக்காகத்தான்: பயறுச் செடி வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்துவைக்கிறது, புல் அதைத் தின்று வளர்கிறது.

வரிசையாக விதைத்தால் மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை முயல் மசால் என்பது நல்ல விகிதம். தனிப்பயிராக முயல் மசாலை வரிசையில் விதைக்க எக்டருக்கு 6 கிலோ, தூவ 10 கிலோ ஆகும். கலப்பில் அதன் கால் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதன் விதைத் தோல் கெட்டியானது. அப்படியே போட்டால் பெரும்பகுதி அந்த வருடம் முளைக்காது. 80 டிகிரி சூட்டுத் தண்ணீரில் 4 நிமிடம் போட்டு, உடனே வடித்து, குளிர்ந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவையுங்கள். கொதிக்கும் பாத்திரத்தில் போட்டு அடுப்பிலேயே விட்டால் விதை வெந்துவிடும். தண்ணீரை இறக்கிவைத்த பிறகுதான் விதையைச் சேர்க்க வேண்டும். ஊறி உப்பிய விதையை வடித்து, வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிரான ரைசோபியத்தை ஆறிய கஞ்சியில் கலந்து பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றைக்கே விதையுங்கள். வெயில் பட்டால் நுண்ணுயிர் செத்துவிடும். ரசாயன உரத்தோடு சேர்த்துப் பிசையவும் கூடாது.

எங்கள் பரிந்துரை ஒன்று: விதை முழுவதையும் இப்படி வெந்நீரில் போடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கை அப்படியே விட்டுக் கலந்து விதையுங்கள். மழை ஏமாற்றினால் ஊறிய விதை மொத்தமும் போய்விடும். ஊறாத விதை மண்ணில் காத்திருந்து அடுத்த மழைக்கு வரும்.

கேள்வி: விதைக்குப் பதிலாகத் தூரைப் பிரித்து நடலாமா?

சிறிய நிலம் என்றால் அதுதான் மேல். மேலே சொன்ன ஒற்றை வேர்ச் சிக்கலை வேர்விட்ட தூர் தாண்டி வந்துவிட்டது. மழை நாளில், இரண்டு மூன்று தண்டுகள் உள்ள துண்டாகப் பிரித்து, இலையை ஒரு சாண் உயரத்துக்கு நறுக்கி, 50 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நடலாம். எக்டருக்கு ஏறத்தாழ 66,000 துண்டுகள் தேவைப்படும். அதனால்தான் பெரிய நிலத்துக்கு இது கட்டுபடியாகாது. மண் அரித்த ஓடை ஓரத்துக்கும் சரிவுக்கும் மட்டும் தூர் நட்டு, மற்றதை விதைக்கு விடுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கேள்வி: தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மட்டும் எத்தனை தடவை விதைத்தாலும் புல் நிற்பதில்லை.

நிற்காது. தினமும் எல்லாக் குளம்பும் படும் இடம் அது. அங்கே சரளை போட்டுவிடுங்கள். விதையை வேறு இடத்துக்கு வையுங்கள். நிலத்தில் தாது உப்புக்கட்டியைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் அதை எதிர்க்கோடிக்கு மாற்றுங்கள். மந்தை நிலம் முழுக்கப் பரவும்.

கேள்வி: விதைத்த நிலத்தில் புல்லைவிடப் பார்த்தீனியமும் நெருஞ்சியும்தான் அதிகம் முளைத்திருக்கின்றன.

முதல் வருடம் அப்படித்தான் இருக்கும், கலங்க வேண்டாம். தழைச்சத்து உரத்தை அடியுரமாக அள்ளிப் போட்டிருந்தால் களை இன்னும் வேகமாக எழும். நாற்று தூர் கட்டிய பிறகு போடுவது நல்லது. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். மற்றக் களைகளை நாற்றுக்கு மேலாக அரிவாளால் நறுக்கினாலே வெளிச்சம் இறங்கும். புல் நாற்று சிறிதாக இருக்கும்போது பக்கத்துக் களையைப் பிடுங்கினால் நாற்றும் சேர்ந்து கிளம்பிவிடும்.

கேள்வி: விதைத்து இரண்டு மாதம். புல் முழங்கால் உயரம் வந்துவிட்டது. ஆடுகளை எப்போது விடலாம்? எத்தனை ஆடு?

முழங்கால் உயரத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு கைப்பிடிப் புல்லைப் பிடித்து, மாடு நாக்கால் சுற்றி இழுப்பது போல் வெடுக்கென்று இழுங்கள். இலை அறுந்து தூர் மண்ணிலேயே நின்றால் வேர் பிடித்திருக்கிறது. பத்து இடத்தில் இழுத்து ஓரிடத்தில் தூர் கையோடு வந்தாலும் இன்னும் பொறுக்க வேண்டும். எங்களைக் கேட்டால் முதல் மழைக்காலம் முழுவதும் ஆட்டை உள்ளே விடவே வேண்டாம். கதிர் முற்றி விதை உதிர்ந்த பிறகு, தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் விட்டு அறுத்துக் கொண்டுபோய்ப் போடுங்கள். தன் விதையைத் தானே ஒரு தடவை உதிர்த்த நிலத்துக்கு அடுத்த வருடம் நீங்கள் மூட்டை வாங்க வேண்டியதில்லை.

மேய விடும் காலம் வந்த பிறகும் பாதி தின்ன, பாதி நிற்க என்பதே கணக்கு. அமெரிக்காவில் கிரைடர் என்பவர் 1955-ல் வெளியிட்ட ஆய்வில், இலையில் பாதி வரை வெட்டியபோது புல்லின் வேர் வளர்ச்சி பெரிதாகப் பாதிக்கவில்லை. 80 சதவீதம் வெட்டியபோது வேர் 12 நாள் வளராமலே நின்றுபோனது. அந்தப் பன்னிரண்டு நாளுக்குள் ஆடு திரும்பி வந்து தளிரைக் கடித்தால் வேர் மறுபடி நிற்கும். உங்கள் நிலம் வெறுமையானதும் இப்படித்தான்.

எத்தனை ஆடு என்பதற்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டம் ஒன்று போதும். சராசரியான ஐந்தாறு இடங்களில் சட்டத்தைப் போட்டு உள்ளே இருக்கும் புல்லை அறுத்து, நன்றாகக் காயவைத்து எடை பாருங்கள். ஓர் இடத்துக்குச் சராசரி 250 கிராம் என்று வந்தால், ஏக்கர் ஏறத்தாழ 4,050 சதுர மீட்டர் என்பதால், மொத்தம் 1,000 கிலோ. அதில் பாதி நிலத்துக்கு. மீதி 500 கிலோ. 30 கிலோ எடையுள்ள ஆடு நாளைக்குச் சுமார் ஒரு கிலோ உலர் தீவனம் தின்னும். ஆக 10 ஆட்டுக்கு 50 நாள் தீவனம் அந்த ஏக்கரில் இருக்கிறது.

அந்த 50 நாளையும் ஒரே மூச்சில் விடாதீர்கள். நிலத்தை எட்டாகவாவது தடுத்து, ஒரு தடுப்பில் நான்கைந்து நாளுக்கு மேல் மந்தை தங்காமல் நகர்த்துங்கள். அதற்கு மேல் தங்கினால் கடித்த இடத்தில் வந்த தளிரை அதே மந்தை மறுபடி கடிக்கும். தடுப்புக்குத் திரும்பி வருவதற்கு மழைக்காலத்தில் நான்கு முதல் ஆறு வாரம் இடைவெளி வேண்டும். மழை நின்றுவிட்டால் நாளை எண்ணாமல் புல் பழைய உயரத்துக்கு வந்ததா என்று பாருங்கள். செம்மறி தரையோடு ஒட்டி மேயும். அதனால் புல் 10 சென்டிமீட்டருக்கு இறங்கியதும், வயிறு நிறையாவிட்டாலும், வெளியே ஓட்டிவிட வேண்டும். அந்த நாட்களுக்கான வைக்கோலும் தழையும் முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்தால்தான் இதைச் செய்ய மனம் வரும்.